‘தானே விழுந்தார்’ என்று எழுத விடாதீர்கள்: விபத்து இழப்பீடு பற்றி ஒரு தையல்காரர்

திருப்பாப்புலியூரில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. ஜாக்கெட்தான் அதிகம். லைனிங் துணி, கொக்கி, நூல்கண்டு வாங்க மாதம் இரண்டு முறை புதுச்சேரிக்கு என் எக்ஸ்.எல். வண்டியில் போய்வருவேன். அப்படிப் போன ஒரு காலையில், கிருமாம்பாக்கம் தாண்டியதும், பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டில் ஏறிய கார் என் வலது காலோடு வண்டியையும் சேர்த்துத் தள்ளியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

கார்க்காரர் கெட்டவர் இல்லை. அவரே என்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்துப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். “செலவெல்லாம் நான் பாத்துக்கறேண்ணே, போலீஸ் கேஸ் மட்டும் வேணாம்” என்று சட்டைப் பையில் 5,000 ரூபாய் வைத்தார். அப்புறம் டியூட்டி டாக்டரிடம், “வண்டி சறுக்கி விழுந்துட்டார் சார்” என்றார். வலியில் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறியது. ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதுதான். பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அடிபட்டால், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது என்ன எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி மோதியது, அதன் நம்பர் என்ன என்பது பதிவேட்டில் வர வேண்டும். தவறாக ஏறிவிட்டால் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். அடுத்து போகிற ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் ஏன் தவறாக எழுதப்பட்டது, யார் சொன்னது என்பதைப் போலீசில் கொடுக்கும் புகாரிலேயே எழுதிவிடுங்கள். என்னை அன்று மாலையே ஜிப்மருக்கு மாற்றினார்கள். என் மனைவி அங்கே “கார் மோதிச்சு” என்று நம்பரோடு சொல்லிவிட்டாள். என் கேஸைக் காப்பாற்றியது அதுதான்.

போலீஸ்

கிருமாம்பாக்கம் புதுச்சேரி எல்லை. நானோ கடலூர்க்காரன். இங்கே போவதா அங்கே போவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். தேவையில்லாத குழப்பம். விசாரிப்பது விபத்து நடந்த இடத்துப் போலீஸ். ஆனால் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். புகார் கொடுக்கத் தாமதமானால் கேஸ் போச்சு என்று பயமுறுத்துவார்கள். காரணம் சரியாக இருந்தால் தாமதத்தை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லியிருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் பிரிவுகளைப் பாருங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 என்பது தாறுமாறாக ஓட்டியது. 125(ஏ) என்றால் சாதாரணக் காயம், 125(பி) என்றால் கொடுங்காயம். எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம்தான். எனக்கு முதலில் 125(ஏ) போட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கொடுத்த பிறகு மாறியது.

2022 ஏப்ரலிலிருந்து போலீசுக்கும் வேலை கூடியிருக்கிறது. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் அவர்கள் தீர்ப்பாயத்துக்கு, அதாவது விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் கோர்ட்டுக்கு, அனுப்ப வேண்டும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர்., இடத்தின் வரைபடம், பார்வை மகஜர் (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, கார்க்காரரின் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள். கார் நம்பர் இருந்தால் எம்பரிவாகன் ஆப்பில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்தால் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 2025-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

எவ்வளவு வரும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். ஆஸ்பத்திரி பில் மட்டும்தான் கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், வலிக்கும் வேதனைக்கும், ஆட்டோச் செலவு, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கு, இனி வரப்போகும் சிகிச்சைக்கு என்று தனித்தனியாகக் கணக்குண்டு. இதில் பெரிய தொகை நிரந்தர ஊனத்தால் இனி இழக்கப்போகும் வருமானம்.

என் கணக்கையே சொல்கிறேன். மாதம் 15,000 வருமானம், வயது 43. சுயதொழில் செய்பவருக்கு 40 முதல் 50 வயதுக்குள் என்றால் எதிர்கால வளர்ச்சிக்காக 25 சதவீதம் சேர்ப்பார்கள். 18,750 ஆயிற்று. வருடத்துக்கு 2,25,000. அதை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள். 41 முதல் 45 வரை 14. மொத்தம் 31,50,000. மருத்துவக் குழு எனக்குக் கொடுத்த ஊனம் 20 சதவீதம். அப்படியானால் 6,30,000.

இதே கணக்கில், வருமானத்துக்குச் சான்று இல்லை என்று தீர்ப்பாயம் 10,000 ரூபாய்தான் எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். 4,20,000-க்கு இறங்கிவிடும். எங்களைப் போல ரசீது இல்லாமல் தொழில் செய்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறோம். நான் ஆர்டர் நோட்டை எடுத்துக்கொடுத்தேன். யாருக்கு எத்தனை ஜாக்கெட், அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மூன்று வருடத்துக்கு இருந்தது. கூடவே ஜிபேயில் வந்த பணத்துக்கு வங்கிக் கணக்கு அறிக்கை, தையல் தொழிலாளர் நல வாரிய அட்டை. காய்கறிக் கடையோ பெயின்ட் வேலையோ, நீங்கள் எது செய்தாலும் எழுதிவைக்கிற பழக்கம் இருந்தால் அது காசு.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நம் பக்கம் பல கேஸ்களில் ஊனச் சதவீதத்தைப் பார்த்து, ஒரு சதவீதத்துக்குச் சில ஆயிரம் என்று மொத்தமாகக் கொடுத்து முடித்துவிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் என் 20-க்கு ஒரு லட்சம்தான். மேலே சொன்ன ஆறு லட்சம் எங்கே, இது எங்கே! வித்தியாசம், அந்த ஊனம் உங்கள் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்று காட்டுவதில்தான். உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சொன்ன உதாரணம் இது: இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவருக்கு வேலை போகாமலும் இருக்கலாம். கை ஒன்றுதான், இழப்பு வேறு.

எனக்கு வலது கால். கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல், “இப்பதான் மோட்டார் மிஷின் வந்துடுச்சே, உட்கார்ந்து தைக்கலாமே?” என்றார். மோட்டார் மிஷினையும் வலது காலால் அழுத்தித்தான் ஓட்ட வேண்டும், எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் என்று சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டார். என் வக்கீல் அதற்கு முந்தைய வாரமே கடைக்கு வந்து மிஷினைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

வக்கீல் எப்போது வேண்டும்

சிராய்ப்பு, இரண்டு தையல், ஒரு வாரத்தில் எழுந்துவிட்டீர்கள் என்றால் வக்கீல் தேடி அலைவது வீண் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வண்டியின் சேதத்துக்கு உங்கள் பாலிசியில் நீங்களே கேட்கலாம். தவறு முழுக்க உங்களுடையது என்றால் எதிர் வண்டி இன்சூரன்ஸில் எதுவும் பெரிதாகக் கிடைக்காது. நிரந்தர ஊனமாகிவிட்டால் உங்கள் பாலிசியோடு எடுத்த 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி, நம்பரும் தெரியவில்லை என்றால் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் அரசு திட்டத்தில் உண்டு. அதற்கும் மனு போட்டால் போதும்.

எலும்பு முறிந்தால், ஆபரேஷன் நடந்தால், தலையில் அடிபட்டால், உயிர் போயிருந்தால் தயங்காமல் வக்கீலைப் பாருங்கள். எஃப்.ஐ.ஆரில் தவறு உங்கள் மேல் என்று எழுதியிருந்தாலும், கார்க்காரருக்கு இன்சூரன்ஸோ லைசென்ஸோ இல்லாவிட்டாலும் அப்படியே. லைசென்ஸ் இல்லாத கேஸ்களில் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வாங்க முடியும். அதை நாமாகப் பேசி வாங்க முடியாது.

கம்பெனி ஆள் நேராக வந்து ஒரு தொகை சொன்னாலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். கொடுங்காயத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவில் இருக்கிறது. உடனே கிடைக்கிற பணம், ஆசை வரும். ஆனால் அதை ஒப்புக்கொண்டு வாங்கிவிட்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். சின்ன முறிவு, முழுக்கக் குணமாகிவிட்டது என்றால் வாங்கிக்கொள்ளலாம். என்னைப் போன்றவனுக்கு அது நஷ்டம்.

மனுவை விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போயிருக்கின்றன, ஆனாலும் அதை நம்பி உட்காராதீர்கள். எங்கே போடுவது? விபத்து நடந்த இடத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போடலாம். கிருமாம்பாக்கத்தில் அடிபட்ட நான் மஞ்சக்குப்பம் கோர்ட்டில்தான் போட்டேன். கட்டுப்போட்ட காலோடு புதுச்சேரி பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை.

வக்கீலைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்று. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கிற ஏஜென்டை நம்பாதீர்கள். என்னிடமும் ஒருவர் வந்தார், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே. இழப்பீட்டுக் கேஸ் தொடர்ந்து நடத்துகிறவரா, தானே ஆஜராவாரா, ஜூனியரை அனுப்புவாரா என்று கேளுங்கள். “வர்ற பணத்துல இவ்வளவு சதவீதம்” என்று பேசுவது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஜெயித்தால் பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. நான் தவணையாக ஒரு தொகை பேசினேன். வெற்றுத் தாளிலும் வெற்று வவுச்சரிலும் கையெழுத்துப் போடவில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். கோர்ட் வளாகத்திலேயே போய்க் கேட்கலாம்.

கேஸ் நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாமா என்று கேட்பார்கள். அங்கே முடித்தால் முடிந்ததுதான், மேல்முறையீடு இல்லை. தீர்ப்பாயம் தீர்ப்பு சொல்லி, தொகை போதவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றம் போகலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். நான் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தேன். கேட்டதை விடக் குறைவு, முதலில் கம்பெனி சொன்னதை விட மூன்று மடங்குக்கு மேல். வட்டி போய்விடுமே என்று தம்பி சண்டை போட்டான். மனு போட்ட நாளிலிருந்து பெரும்பாலும் ஏழரை சதவீதம் வட்டி கொடுப்பார்கள், அவன் சொன்னதில் தவறில்லை. எனக்குக் கடை வாடகை நாலு மாதம் பாக்கி இருந்தது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. காலில் பிளேட் வைத்திருந்தால், அதை எடுக்கிற ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக் கேஸில் சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்க முடியாது. என் காலில் அது இன்னும் இருக்கிறது. தீபாவளித் தையல் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.