பிளம்ஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளம்ஸ் ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். பழத்தைக் கீழே போடாதே, பெட்டியில் சீட்டு ஒட்டு என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் எழுதுவது, செய்யும்போது சரியாகவே தோன்றும் தவறுகளைப் பற்றி.

நிறத்தை நம்பிப் பறிப்பது

கருஞ்சிவப்பு ரகங்கள் முதிர்வதற்கு வெகுமுன்பே தோலில் நிறம் ஏறிவிடும். உள்ளே சதை கல்லாக இருக்கும், இனிப்பும் வந்திருக்காது. பழத்தின் இரு கன்னங்களிலும் தோலைச் சீவிவிட்டு, 8 மி.மீ. முனையைச் சதையில் அழுத்தி அளக்கும் பெனட்ரோமீட்டரால் கடினத்தைப் பாருங்கள். சாற்றில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரையின் அளவு, பாருங்கள். நிறம் அதற்கு அப்புறம்தான்.

5 டிகிரியில் சேமிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். '0 டிகிரி என்றால் பழம் உறைந்துவிடும், 5 டிகிரி பாதுகாப்பு' என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர் எதிர். சாற்றில் சர்க்கரை இருப்பதால் 0 டிகிரியில் பிளம்ஸ் உறையாது. குளிர் பாதிப்புக்கு ஆளாகும் ரகங்களுக்கு ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரி வரை உள்ள இடைவெளிதான் ஆபத்தானது. அங்கே பாதிப்பு 0 டிகிரியை விட வேகமாக வளர்கிறது. செல் சவ்வுகள் பழுதாகின்றன. செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் முறையாகக் கரையாமல் நீரைப் பிடித்துக்கொண்டு கூழாகிறது. கொட்டையைச் சுற்றிச் சதை கண்ணாடி போல் ஆகிப் பழுப்பாகும். வெளித்தோலோ பளபளவென்றே இருக்கும்.

இதை விட மோசம், குளிர் அறையிலிருந்து எடுத்த கையோடு அறுத்துப் பார்ப்பது. பாதிப்பு வெளியே தெரிய, பழம் 20 டிகிரியில் சில நாள் பழுக்க வேண்டும். ஒரு மாணவர் வேறு காய்கனிகளுக்காக 5 டிகிரியில் ஓடிய அறையிலேயே தன் பெட்டிகளையும் வைத்தார். எடுத்த அன்றே எல்லாவற்றையும் அறுத்து, 'பாதிப்பு இல்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டார். மேசையில் மறந்துவிட்ட சில பழங்களைப் பிறகு அறுத்தபோது கொட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு. அதற்குள் மற்ற பழங்கள் எதுவும் மிச்சமில்லை. மரம் ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கிறது. ஒரு பருவத்து உழைப்பு அப்படியே போயிற்று. ஆகவே ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பாதியை அன்றே பாருங்கள், மீதியைப் பழுக்கவைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: சுவரில் உள்ள திரை காட்டுவது காற்றின் வெப்பநிலை. பழத்தின் வெப்பநிலை தெரிய வேண்டுமானால் உணரியைச் சதைக்குள், கொட்டையை ஒட்டிச் செருகுங்கள். பெட்டி அடுக்கின் நடுவில் இருக்கும் பழம் ஆறுவதற்கு நீங்கள் நினைப்பதை விட அதிக நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் அது ஆபத்தான இடைவெளியில்தான் கிடக்கிறது.

எல்லா ரகமும் ஒரே மாதிரி பழுக்கும் என்று நினைப்பது

அமெரிக்கத் தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க் 1906-இல் வெளியிட்ட 'சாண்டா ரோசா' பழுக்கும்போது, பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனை ஏராளமாக விடும். 'ஏஞ்சலினோ' மிகக் குறைவாகவே விடும், மெதுவாகத்தான் மிருதுவாகும். பழம் எத்திலீனை உணரவிடாமல் அதன் ஏற்பிகளை அடைக்கும் 1-எம்சிபி என்ற வாயு இரண்டிலும் ஒரே பலனைத் தராது. ஒன்றில் கண்ட முடிவை மற்றதற்கு எழுதிவிடாதீர்கள்.

குரோமோசோம் பார்க்காமல் கலப்பது

ஜப்பானிய பிளம்ஸுக்கு 16, ஐரோப்பிய பிளம்ஸுக்கு 48. இரண்டையும் நேரடியாகக் கலந்தால் விதை பிடிப்பதே அரிது.

ஒரே ரகத்தைத் தனியாக நடுவது

ஜப்பானிய ரகங்களில் பெரும்பாலானவை சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. அதே நாட்களில் பூக்கும், பொருந்தக்கூடிய வேறு ரகம் அருகில் வேண்டும்.

கொட்டையை உடனே விதைப்பது

முளைக்காது. ஈர மணலில், குளிரில், இரண்டு மூன்று மாதம் வையுங்கள்.