நாயும் குடையும்: ஜோடி அட்டை விளையாட்டை வைத்துக் கற்றுக்கொடுப்பது எப்படி?

நாய் படத்தைக் காட்டினால் குழந்தை "குடை" என்று சொல்ல வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். எழுத்தும் ஒலியும், முகமும் பெயரும்கூட இப்படி ஜோடி ஜோடியாகத்தான் மனதில் ஏறுகின்றன. மேரி விட்டன் கால்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890-களிலேயே நினைவாற்றலை ஆராய இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்.

முதலில் பன்னிரண்டு படங்கள் எடுத்து ஆறு ஜோடியாக்குங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தை என்றால் மூன்று ஜோடி போதும். எல்லாமே குழந்தைக்குப் பெயர் தெரிந்த பொருளாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெயரையும் கற்று ஜோடியையும் கற்று என்று இரட்டை வேலை. பூட்டு–சாவி மாதிரி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பவை வேண்டாம்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். நாயையும் குடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளில் பலர் யாரும் சொல்லாமலேயே "நாய் மழையில் குடை பிடிக்குது" என்று தங்களுக்குள் ஒரு கதை கட்டிவிடுவார்கள், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகள் பெரும்பாலும் தாமாக அப்படிக் கட்டுவதில்லை, அதனால் பல சுற்று தேவைப்படுகிறது. ஆனால் அந்தக் கதையை நாமே கொடுத்தால்? ஜென்சன், ரோவர் என்ற இரு உளவியலாளர்கள் 1963-இல் அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இரண்டையும் இணைக்கும் ஒரு வாக்கியம் கொடுத்ததும் கற்கும் வேகம் நன்றாகவே கூடியது. ஆகவே "நாய் குடையைக் கவ்விக்கிட்டு ஓடுது" என்று நீங்களே சொல்லுங்கள், முடிந்தால் அதையே ஒரே படமாக வரைந்துவிடுங்கள். குடையின் கைப்பிடி நாயின் வாய்க்குள் இருக்க வேண்டும்; சும்மா பக்கத்தில் நின்றால் போதாது. கோணலாக வரைந்தாலும் பரவாயில்லை.

இப்போது கேள்வி. நாயைக் காட்டி ஐந்து விநாடி வரை பொறுங்கள். பதில் வராவிட்டால் குடையைக் காட்டி, வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லி, அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். "யோசி, யோசி" என்று நெருக்கினால் குழந்தை வாய்க்கு வந்ததைச் சொல்லும், அந்தத் தப்பு பதிலே அப்புறம் மனதில் நின்றுவிடும். ஆரம்பச் சுற்றுகளில் காத்திருக்காமல் பதிலை உடனே சொல்லிவிட்டு, பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது இன்னும் நல்லது.

ஒவ்வொரு சுற்றிலும் அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் வரிசைதான் மனப்பாடம் ஆகும். நான் கலைத்துப் போட்டும் ஒரு முறை ஏமாந்தேன்: மீன் அட்டையின் மூலை மட்டும் மடங்கியிருந்தது, பையன் படத்தைப் பார்க்காமல் அந்த மடிப்பைப் பார்த்தே "தொப்பி" என்று டக்கென்று சொல்லிக்கொண்டிருந்தான். புது அட்டை போட்டதும் முழித்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் நான் கற்றுக்கொடுக்க நினைத்தது அதுவல்ல.

எல்லா ஜோடியும் இரண்டு சுற்று தொடர்ந்து சரியாக வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் கேளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் கற்க அதிகச் சுற்று ஆகிறதே தவிர, ஒரே அளவுக்குக் கற்றுவிட்டால் நாள் கழித்து மறப்பதில் அவர்களுக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால் மறுநாள் ஒன்றிரண்டு விட்டுப்போனால் முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், "நாய் எதைக் கவ்விக்கிட்டு ஓடுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்துவிட்டதா? சரி, இப்போது குடையைக் காட்டி யார் கவ்வினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.