பழைய சமய அச்சுப்படங்களை நகலெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அச்சுக்கலைப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களில் பலர், பழைய ஜெர்மானிய அச்சுக்கலைஞர்களான ஷோன்காவர், ட்யூரர் ஆகியோரின் சமயப் படங்களை நகலெடுத்தே கை பழகுகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே அவர்களும் தவறாமல் செய்கிறார்கள். உளி மழுங்குவதையும் மை வழிவதையும் தகடே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெற்றிடத்தை நிரப்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். மார்ட்டின் ஷோன்காவர் 1470-75 வாக்கில் செப்புத்தகட்டில் செதுக்கிய படத்தில், வனத்து அந்தோணியாரைப் பேய்கள் அந்தரத்தில் தூக்கிப் பிடித்து இழுக்கின்றன. ஒன்றுக்குச் செதில், ஒன்றுக்கு முள், இன்னொன்றுக்கு அடர்ந்த மயிர் என ஒவ்வொன்றின் தோலும் வெவ்வேறு வகைக் கோடுகளால் ஆனது. சுற்றிலும் ஏறக்குறைய வெறும் தாள்தான். கீழ் மூலையில் மட்டும் சிறிது பாறை. புனிதரின் முகத்தில் கோடுகள் குறைவு என்பதால், அத்தனை அமளிக்கு நடுவிலும் கண் அங்கேதான் போய் நிற்கிறது. சிறுவயதில் இப்படத்தை வண்ணத்தில் தீட்டிய மைக்கேலாஞ்சலோ, செதில்களைக் கவனிக்க மீன் சந்தைக்குப் போனதாக அவருடைய வரலாற்றை எழுதிய கோண்டிவி சொல்கிறார்.

எங்கள் பட்டறையில் ஒரு மாணவர் இதை மிகுந்த பொறுமையுடன் நகலெடுத்தார். பேய்கள் நன்றாகவே வந்திருந்தன. கடைசி நேரத்தில் வானம் காலியாகத் தெரிகிறதே என்று அது முழுவதும் ஒன்றையொன்று வெட்டும் குறுக்குக்கோடு போட்டார். அச்செடுத்துப் பார்த்தால் செதிலும் முள்ளும் சாம்பல் நிறத்துக்குள் அமிழ்ந்து கிடந்தன. செம்பில் விழுந்த கோட்டை நீக்க வேண்டுமானால் சுரண்டி, தேய்த்து மெருகேற்றி, பள்ளம் விழுந்த இடத்தைப் பின்புறமிருந்து தட்டி மேலே கொண்டுவர வேண்டும். ஒரு வானம் முழுவதற்கும் இதை யார் செய்வது? தகடு வீணாயிற்று.

பின்னணியில் கோடே கூடாதா என்று உடனே கேட்பார்கள். பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்கு ட்யூரர் 1498-இல் வெளியிட்ட பட வரிசையில், நான்கு குதிரைவீரர்களின் பின்னால் வானம் கிடைக்கோடுகளால் நெருக்கமாக நிறைந்திருக்கிறது. ஆனால் அவை ஒரே திசையில் ஓடுபவை. இடமிருந்து வலமாகப் பாயும் குதிரைகளின் வேகத்தைக் கூட்டுகின்றன. அதோடு, குதிரைகளின் உடலில் தாளின் வெண்மையைக் கணிசமாக மிச்சம் வைத்திருக்கிறார். வேலை இருக்கும் கோடு நிற்கலாம்.

மரத்தில் செம்பின் கோட்டைத் தேடுவது

செம்பில் கோடு என்பது உளி தள்ளிச்சென்ற பள்ளம். மரக்கட்டையில் செதுக்கும் அச்சிலோ (woodcut) கோடு என்பது இருபுறமும் மரத்தை எடுத்தபின் எஞ்சி நிற்கும் வரப்பு. எனவே குறுக்குக்கோடு போட்டால், இடைப்பட்ட ஒவ்வொரு சிறு கட்டத்தையும் தனித்தனியே குடைந்தெடுக்க வேண்டியிருக்கும்.

டிரைபாயிண்ட்டில் பெரும் பதிப்பு

டிரைபாயிண்ட் என்பது செம்பை ஊசியால் நேரடியாகக் கீறி அச்செடுக்கும் முறை. ட்யூரரின் 1512-ஆம் ஆண்டுப் புனித ஜெரோமில் காணும் மென்கருமை, ஊசி கிளப்பிய செம்புப் பிசிறில் மை தேங்குவதால் வருவது. அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் பிசிறு விரைவில் நசுங்கிவிடும் என்பதால் நிறையப் படிகள் எடுக்க முயலாதீர்கள்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து நகலெடுப்பது

வேண்டாம். ஷோன்காவரின் படம் சுமார் 31 செ.மீ. உயரமே உள்ளது, அதே அளவுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.