ஸ்பானிஷில் அன்பைச் சொல்வது எப்படி: தெ கியெரோ எங்கே, தெ ஆமோ எங்கே?

அம்மாவுக்கும் காதலிக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘ஐ லவ் யூ’தான். ஸ்பானிஷில் ‘தெ கியெரோ’, ‘தெ ஆமோ’ என்று இரண்டு உண்டு. அகராதிகள் இரண்டுக்கும் அதே ஆங்கிலப் பொருளைப் போடுவதால் கற்பவர்கள் இடம் தெரியாமல் மாற்றிச் சொல்கிறார்கள்.

‘கெரெர்’ என்ற வினைக்கு வேண்டும் என்றும் பொருள், நேசி என்றும் பொருள். ‘கியெரோ கஃபே’ என்றால் காபி வேண்டும். ஒருவரைப் பார்த்து ‘தெ கியெரோ’ என்றால் அன்பு. பெற்றோர், தோழி, தம்பி, காதலர் யாருக்கும் சொல்லலாம். ‘மூச்சோ’ (நிறைய) சேர்த்தால் காதல் கூடும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது நட்பின் பக்கம் சாய்ந்துவிடும்.

‘தெ ஆமோ’ கனமானது. ஸ்பெயினில் பல தம்பதிகள் அன்றாடம் சொல்வது ‘தெ கியெரோ’தான்; ‘தெ ஆமோ’ அங்கே நாடக வசனம்போல் ஒலிக்கக்கூடும். மெக்சிகோ போன்ற நாடுகளில் பிள்ளைகளிடம்கூடத் தாராளமாகச் சொல்வார்கள். எது பொருந்தும் என்று தெரியாவிட்டால் ‘தெ கியெரோ’ சொல்லுங்கள்.

காதலின் தொடக்கத்தில் வருவது ‘மெ குஸ்தாஸ்’. ஆங்கிலத்தின் ‘ஐ லைக் யூ’ வழியாக இதைப் புரிந்துகொள்ளப் போனால் சிக்கல்தான். தமிழ் வழியாகப் போனால் எளிது: ‘எனக்கு உன்னைப் பிடிக்கும்’ என்பதில் உள்ள ‘எனக்கு’தான் ‘மெ’. ஒரே வேறுபாடு, ஸ்பானிஷில் வினை ‘நீ’ என்பதற்கு ஏற்ப முடியும். அதனால் பதில் சொல்லும்போது கவனம் தேவை. ‘யோ தம்பியேன்’ (நானும்) என்றால், ‘என்னை எனக்கும் பிடிக்கும்’ என்பதுபோல் ஆகிவிடும். ‘இ தூ ஆ மீ’ (எனக்கும் உன்னை) என்பதே சரி. ‘தெ கியெரோ’வுக்கு ‘யோ தம்பியேன்’ பொருந்தும். ‘இ யோ ஆ தீ’ (நானும் உன்னை) இன்னும் துல்லியம். வெறும் நட்பாகப் பிடிக்கும் என்றால் ‘மெ காயெஸ் பியென்’. அலுவலகத் தோழரிடம் ‘மெ குஸ்தாஸ்’ சொல்லிவிட்டு அப்புறம் விளக்கம் கொடுக்க வேண்டாம்.

‘உன்மேல் காதலாக இருக்கிறேன்’ என்பதை ஆண் ‘எஸ்தோய் எனமொராதோ தெ தி’ என்றும், பெண் ‘எனமொராதா’ என்றும் சொல்ல வேண்டும். நடுவில் வருவது ‘தெ’ (de; ‘தெ கியெரோ’வில் வரும் te அல்ல). ஆங்கிலத்து ‘வித்’தை நினைத்து ‘கோன்’ போடுவது பலர் செய்யும் பிழை.

உச்சரிப்பில் நமக்கு வசதி அதிகம். ‘தெ’ நம் ‘த’தான், ‘டே’ அல்ல. ‘கியெரோ’வில் நாக்கு ஒரு முறை மட்டும் தட்டும் ‘ர’. ‘கரீஞ்யோ’வில் (அன்பே) நம் ‘ஞ’. ‘மி பீதா’ என்றால் ‘என் உயிரே’. தந்தையை அழைப்பதாக எண்ண வேண்டாம்.

கொஞ்சல் சொற்களில் ‘மி அமோர்’ எங்கும் செல்லும். ‘மி சியேலோ’ என்றால் ‘என் வானமே’. ‘மெதியா நரான்ஹா’, அதாவது பாதி ஆரஞ்சு, வாழ்க்கைத் துணையைக் குறிக்கும். ‘நரான்ஹா’ பாரசீகம், அரபு வழியாகப் போன சொல். அதன் வேர் திராவிடம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நாரத்தையை நினைத்துக்கொண்டால் மறக்காது. ‘கோர்தோ’, ‘கோர்தா’ (குண்டு) அர்ஜென்டினாவில் செல்லப் பெயராக வழங்கும், ஆனால் அவர்கள் முதலில் அழைக்கட்டும்.

‘ஐ மிஸ் யூ’வுக்கு ஸ்பெயினில் ‘தெ எச்சோ தெ மேனோஸ்’, லத்தீன் அமெரிக்காவில் ‘தெ எக்ஸ்த்ராஞ்யோ’.

குறுஞ்செய்தியில் எழுதும்போது ‘தெ’யின் எகரத்துக்கு மேல் சாய்கோடு போடாதீர்கள். போட்டால் அது தேநீர்; காதல் கடிதம் டீக்கடை ஆர்டராகிவிடும்.