சூப்பர்வைசர் பதவி தந்தால் கடிதத்தில் வாங்குங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ கடையில் விற்பனைக்கு நின்ற உங்களைச் சூப்பர்வைசராக்குகிறார்களா? நல்ல விஷயம். ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். புதிய பதவியையும் சம்பளத்தையும் கடிதத்தில் வாங்குங்கள். நாளை வேறு கடைக்கு மாறும்போது அதுதான் உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி. சம்பளச் சீட்டையும் பாருங்கள். ஈபிஎப் எனும் ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பங்கு சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஈடிஎப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளி கட்ட வேண்டியது, அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

அப்புறம், கல்லாவோடு நின்றுவிடாமல் ஸ்டாக் கணக்கைப் பழகுங்கள். எது ஓடுகிறது, எது தேங்குகிறது, எதை எப்போது ஓர்டர் போட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்தான் மேனேஜர் பதவிக்குப் பொருத்தம். சிங்களமும் சரளமாக வரட்டும், கொழும்பில் அது கட்டாயம் கைகொடுக்கும்.