ரமலான் நோன்பும் ஒற்றைத் தலைவலியும்: பிறைக்கு முன்பே தயாராவது எப்படி?

மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ரமலான் வந்தால் தூக்க நேரமே மாறிவிடும். தராவீஹ் எனும் இரவுத் தொழுகையை முடித்துப் படுத்து, நோன்பு தொடங்குமுன் சாப்பிடும் சஹர் உணவுக்கு விடியுமுன் எழ வேண்டும். தலை வலித்தால் பட்டினிதான் காரணம் என்பார்கள். தூக்கத்துக்கும் டீக்கும் அதில் பெரிய பங்குண்டு. பசி, தாகம், தூக்கம் மூன்றையும் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸில்தான் உடல் கடிகாரமும் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அந்த ஒழுங்கு குலைந்தாலே வலி கிளம்பலாம்.

படி 1: டீ, காபி. இவற்றைக் குறைப்பதை ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். சில நாள் நீடிக்கவும் செய்யும். முதல் நோன்பன்று பலர் படும் பாடு இதுதான். முதலில் பகல் டீயை விடுங்கள், அப்புறம் காலை டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சஹரில் ஒரு சிறிய கப் குடிக்கலாம், தப்பில்லை. இரவு கடைத்தெருவில் நண்பர்களோடு குடிக்கும் டீதான் ஆபத்து, தூக்கத்தையும் கெடுக்கும்.

படி 2: தூக்கம். தராவீஹ் முடிந்ததும் நேராகப் படுக்கை, கைப்பேசி வேண்டாம். குறையும் தூக்கத்தை மதியம் அரை மணி நேரம் ஈடுகட்டலாம். முக்கியம், எல்லா நாளும் ஒரே நேரம். ஞாயிறன்று பத்து மணிவரை தூங்கினாலும் வலி வரும்.

படி 3: சஹர். தூக்கக் கலக்கத்தில் இதைத் தவிர்க்காதீர்கள். நம்மூர்க் கேழ்வரகுக் களி, பயறு, முட்டை, தயிர் எல்லாம் மெதுவாகச் செரிக்கும். ஊறுகாய், கருவாடு தாகத்தைக் கூட்டும். தண்ணீரை இஃப்தாரிலிருந்து (மாலையில் நோன்பு திறப்பது) சஹர்வரை பிரித்துக் குடியுங்கள்.

படி 4: இஃப்தார். பேரீச்சை, தண்ணீர், நோன்புக் கஞ்சி. பிரியாணி தொழுகைக்குப் பிறகு.

படி 5: மருந்து. தலைவலி வராமல் தடுக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் நேரத்தை மாற்றும் முன் மருத்துவரைக் கேளுங்கள். சிலருக்குச் சஹரில் போடும்படி மாற்றித் தருவார். சாதாரண வலி மாத்திரையை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ எனப் பல மாதம் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். வலி தாங்க முடியாத நாளில் நோன்பை விட்டு, பிறகு களா செய்ய (விட்ட நோன்பை வேறொரு நாளில் வைக்க) நோயாளிக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசி வையுங்கள்.

திடீரென இடி விழுந்ததுபோல் வலி, கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் இஃப்தார்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.