சோற்றில் குச்சியை நட்டு வைக்காதீர்கள்: ஜப்பான் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானுக்குப் பயணம் செல்வோருக்காக எழுதப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது விதிகளை ஒரே எடையோடு அடுக்கிவிடுகின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் போகிறவர், சோயா சாஸைச் சற்றுக் கூடுதலாக ஊற்றிக்கொண்டதற்கும் உண்ணப் பயன்படும் குச்சியை (சாப்ஸ்டிக்) சோற்றில் நட்டு வைத்ததற்கும் ஒரே அளவு அஞ்சுகிறார். உண்மையில் வெளிநாட்டவரின் பெரும்பாலான பிழைகளை அங்குள்ளவர்கள் பொருட்படுத்துவதில்லை; ஆனால் சில பிழைகள் பார்ப்பவர் மனத்தைச் சுருக்கென்று தைத்துவிடும். அவற்றை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

குச்சிகள் தொடர்பான இரண்டு தவறுகளே அவற்றுள் மிகப் பெரியவை. இரண்டும் சாவுச் சடங்கோடு தொடர்புடையவை. ஒருவர் இறந்ததும் அவருடைய தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் சோற்றைக் குவித்து, அதன் நடுவே குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைப்பது ஜப்பானியப் பௌத்த வழக்கம். இதைத் 'தலையணைச் சோறு' என்னும் பொருளில் மகுராமேஷி என்கிறார்கள். ஆகவே, பேச்சுக்கு நடுவே குச்சிகளைச் சோற்றில் குத்தி வைத்தால், எதிரே அமர்ந்திருப்பவரின் நினைவுக்கு வருவது அந்தக் கிண்ணம்தான். உடலை எரியூட்டிய பிறகு உறவினர்கள் கூடி, சாம்பலிலிருந்து எலும்புகளைக் குச்சிகளால் எடுத்து, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குக் கைமாற்றிக் கலசத்தில் இடுகிறார்கள். எரியூட்டிய பின் எலும்பு பொறுக்கும் சடங்கை அறிந்த நமக்கு, சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டு மீனை அதே போலக் குச்சிக்குக் குச்சி மாற்றிக் கொடுப்பது எத்தகைய காட்சி என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கொடுக்க நினைப்பதை மற்றவருடைய சிறு தட்டில் வைத்துவிடுங்கள். குச்சிகளுக்கு ஓய்வு தர வேண்டுமானால், அதற்கென வைத்திருக்கும் சிறு தாங்கியின் மீது படுக்க வையுங்கள். தாங்கி இல்லாத கடையில் குச்சி வந்த காகித உறையை மடித்தே ஒன்று செய்துகொள்ளலாம்.

இதே காரணம் உடையிலும் உண்டு. மரபு விடுதிகளில் தங்குவோருக்குத் தரப்படும் யுகாத்தா என்னும் பருத்தி அங்கியை, ஆணானாலும் பெண்ணானாலும், இடப்பக்கத் துணி மேலே வரும்படி போர்த்திக் கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது பிணத்துக்கு மட்டுமே.

குச்சியால் ஆளைச் சுட்டுவது, உணவைக் குத்தி எடுப்பது, கிண்ணத்தைக் குச்சியால் இழுப்பது, எதை எடுப்பது என்று தட்டுகளின் மேல் குச்சியை அலைய விடுவது ஆகியவையெல்லாம் அழகற்றவை, அவ்வளவே. பிளந்து எடுக்கும் மரக்குச்சிகளை ஒன்றோடொன்று தேய்ப்பதையும் தவிர்க்கலாம். அது கடைக்காரரிடம் 'உங்கள் குச்சி மட்டமானது' என்று சொல்வதற்கு ஒப்பானது.

வலக்கையால் உண்டு, இடக்கையை ஒதுக்கி வைத்தே வளர்ந்த நமக்கு இன்னொன்று புதிதாக இருக்கும். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தையும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் கிண்ணத்தையும் இடக்கையில் ஏந்தியே உண்ண வேண்டும். கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு அதை நோக்கிக் குனிந்து உண்பதை 'நாய் உண்பது' என்றே பெயரிட்டு இகழ்கிறார்கள். மிசோ சூப்புக்குக் கரண்டி தேட வேண்டாம். கிண்ணத்தை வாயில் வைத்தே குடிக்கலாம். நூடுல்ஸை உறிஞ்சும் ஒலியை யாரும் தவறாக எண்ணுவதில்லை. சிறு சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்த நிகிரி சுஷியைக் கையால் எடுத்து உண்பது முறையானதே என்பதால், குச்சி பழகாதவர் கூச்சப்படத் தேவையில்லை; சோறு உதிராமல் இருக்க, மீன் பக்கத்தைச் சோயா சாஸில் தொட்டுக்கொண்டால் போதும். உணவுக்கு முன் தரும் ஈரத்துண்டு கைகளுக்கானது, முகத்துக்கானது அன்று.

சைவ உணவுக்காரர்கள் செய்யும் தவறு வேறு வகையானது. அதனால் வருத்தம் அடைபவர் அவர்களே. 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் தெளிந்த சாறு. அது பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷி என்னும் உலர்ந்த மீன் சீவல்களையும் கொண்டு எடுக்கப்படுகிறது. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்துவதே கட்சுவோபுஷி. நம் பக்கத்து மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். மிசோ சூப்பிலும், சோபா நூடுல்ஸுக்குத் தரும் சாற்றிலும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பிலும், வேகவைத்த கீரையின் மேல் தூவலாகவும் இந்த மீன் இருக்கிறது. குளிர்ந்த தோஃபுவின் மேல் படபடவென ஆடும் மெல்லிய சீவலும் அதுவே. இதில் கடைக்காரரின் ஏமாற்று எதுவும் இல்லை. மீன் துண்டு கண்ணுக்குத் தெரியாத உணவை அவர்கள் மீன் உணவாகவே எண்ணுவதில்லை.

ஆகவே இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி விலக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் அவ்வாறு எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருப்பது மிகவும் உதவும். கடைகளில் கிடைக்கும் ஜப்பானியக் கறிக்குழம்புக் கட்டிகள் பலவற்றில் விலங்குக் கொழுப்பு உண்டு என்பதால், பெயரைக் கேட்டு 'நம் குழம்புதானே' என்று எண்ணிவிடக் கூடாது. முழு மனநிறைவோடு உண்ண விரும்புகிறவர் ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடாலய உணவைத் தேடிச் செல்ல வேண்டும். அதில் தாஷியே கொம்புவையும் ஷிட்டாக்கே காளானையும் கொண்டு எடுக்கப்படும். கோயாசான் மலையில் பயணிகளைத் தங்கவைக்கும் மடங்கள் இந்த உணவைப் பரிமாறுகின்றன. என் பார்வையில், ஜப்பான் செல்லும் சைவர் ஒரு நாளையாவது அங்கே ஒதுக்குவது எந்த நகரத்து உணவகத்தையும் விட மேலானது.

பணம் தொடர்பாகவும் சில மனக்கசப்புகள் நேர்கின்றன. இசகாயா எனப்படும் மதுக்கூடங்களில் நீங்கள் கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் தொடுகறி வரும், அது ஓதோஷி. அதற்கு ஆளுக்கு முந்நூறு, ஐந்நூறு யென் என்று கணக்கில் சேர்ப்பது வழக்கம். அது இருக்கைக்கான கட்டணம் போன்றது என்பதால் சண்டையிடுவது பொருந்தாது. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசையில் விட்டு வந்த காசை மறந்துபோனது என்று எண்ணிப் பணியாளர் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார். இவற்றைவிடப் பெரிய தவறு, முன்பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் போகாமல் இருந்துவிடுவது. எட்டே இருக்கைகள் உள்ள கடையில் இரண்டு பேர் வராவிட்டால், அன்று காலை வாங்கிய மீனும் அன்றைய வருமானமும் ஒருசேர வீணாகின்றன.

வீட்டுக்குள் செருப்புடன் நுழையக் கூடாது என்பதை நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் தடுமாறுவது அதற்கடுத்த படிகளில்தான். வாசலில் காலணியைக் கழற்றி உள்செருப்பு அணிய வேண்டும். தத்தாமி பாய் விரித்த அறைக்குள் அந்த உள்செருப்பும் ஆகாது. கழிவறைக்கு வேறு செருப்பு, அதை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பது மிக எளிதில் நேரும் பிழை.

ஓன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளங்கள் அழுக்கு நீக்குவதற்கானவை அல்ல. பலர் ஒரே நீரில் அமர்வதால், வெளியே தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுவதும் கழுவிய பிறகே இறங்க வேண்டும். நீச்சலுடை அணிய அனுமதியில்லை; சிறு துண்டு நீரில் படக் கூடாது, கூந்தலும் நனையக் கூடாது. பச்சை குத்தியவர்களை, அது யாகுசா குற்றக் கும்பல்களின் அடையாளமாக இருந்துவந்த காரணத்தால், பல குளங்கள் இன்றும் அனுமதிப்பதில்லை; அவர்கள் தனிக்குளம் உள்ள விடுதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ரயிலில் தொலைபேசியில் பேசாமல் இருப்பதும், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வதும் எளிதில் பழகிவிடும். குப்பைத்தொட்டி கிடைக்காமல் திண்டாடுவதுதான் பலருக்கும் வியப்பு. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சரின் நச்சுவாயுத் தாக்குதலுக்குப் பின் பொது இடங்களில் தொட்டிகள் பெருமளவு அகற்றப்பட்டன. எனவே பையில் ஒரு நெகிழி உறையை வைத்திருந்து, குப்பையை விடுதிக்கே கொண்டுவர வேண்டியிருக்கும். நடந்துகொண்டே தின்பதும் இதனால்தான் சிக்கலாகிறது. கூட்டமான தெருக்களில் அதைத் தவிர்க்குமாறு கேட்கும் விதியைக் கமாகுரா நகரம் 2019இல் கொண்டுவந்தது. வாங்கிய கடையின் முன்பே நின்று தின்று முடித்து, குச்சியையும் காகிதத்தையும் அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது. கியோட்டோவின் கியோன் பகுதியில் மைகோ எனப்படும், கெய்ஷா கலைஞராகப் பயிற்சி பெறும் பெண்களைத் துரத்திப் படமெடுத்த பயணிகளால், 2024இல் சில தனியார் சந்துகளே வெளியாருக்கு மூடப்பட்டன. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் வழியை மறிப்பது எந்த ஊரிலும் தவறுதான்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஏதேனும் பிழை நேர்ந்துவிட்டால், 'சுமிமாசென்' (மன்னியுங்கள்) என்று சொல்லித் தலையைச் சற்றுத் தாழ்த்தி, குச்சியையோ செருப்பையோ உடனே சரிசெய்துகொண்டு உணவைத் தொடருங்கள். நீண்ட விளக்கம் எதிரே இருப்பவரைத்தான் சங்கடப்படுத்தும். உண்டு முடித்துக் கிளம்பும்போது கடைக்காரரிடம் 'கோச்சிசோசமா' (உணவுக்கு நன்றி) என்று சொல்ல மறக்காதீர்கள்.